போர்க்களத்தில் கேமரா: அயல்நாட்டுப் பணிக்குச் செல்லும் படை ஒளிப்படக்காரருக்கு ஒரு வழிகாட்டி

படைச் சீருடை அணிந்து, கேமராவும் துப்பாக்கியும் ஏந்தி அயல்நாட்டுக்குப் புறப்படும் ஒளிப்படக்காரர், பெட்டியைக் கட்டுவதற்கு முன்பே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நான் எடுக்கப்போகும் படம் யாருக்கு? செய்தித்தாளுக்குப் படம் எடுப்பவருக்கு விடை எளிது. மறுநாள் காலை நாளிதழைப் பிரிப்பவரே அவருடைய வாசகர். படையின் ஒளிப்படக்காரருக்கோ வாசகர்கள் பலர், அவர்களுள் பெரும்பாலோர் இன்னும் தொலைவில் இருக்கிறார்கள். உடைந்த பாலத்தின் வழியே கவச வாகனங்களை அனுப்பலாமா என்று அன்று மாலைக்குள் முடிவெடுக்க வேண்டிய தளபதி முதல் வாசகர். சில ஆண்டுகள் கழித்து ஒரு சம்பவத்தை விசாரிக்கும் நீதிபதி அடுத்தவர். அறுபது, எழுபது ஆண்டுகள் கழித்து ஆவணக் காப்பகத்தில் தன் தாத்தாவின் முகத்தைத் தேடும் பேத்தி மற்றொருவர். இவர்கள் அனைவருக்கும் பயன்பட வேண்டுமானால் படம் முதலில் ஓர் ஆவணமாக இருக்க வேண்டும். அழகு அதற்குப் பிறகுதான். இங்கே சொல்லப்படும் நடைமுறைகள் பெரும்பாலும் அமெரிக்கப் படைகளின் ‘காம்பாட் கேமரா’ எனப்படும் போர்க்கள ஒளிப்படப் பிரிவுகளில் வேரூன்றியவை. இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரிட்டிஷ் படப்பிரிவின் அனுபவமும் ஆங்காங்கே சேர்த்துக்கொள்ளப்பட்டிருக்கிறது.

சட்டத்தின் முன் நீங்கள் யார்

ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு 1977இல் சேர்க்கப்பட்ட முதல் கூடுதல் நெறிமுறையின் 79ஆம் பிரிவு, போர்ப் பகுதியில் ஆபத்தான பணியில் ஈடுபடும் பத்திரிகையாளர்களைப் படையைச் சாராத பொதுமக்களாகவே கருத வேண்டும் என்கிறது. அந்தக் காப்பு உங்களுக்குக் கிடையாது. நீங்கள் படையின் உறுப்பினர். சட்டத்தின் பார்வையில் போராளி. எதிரி உங்களைக் குறிவைப்பது போர்ச் சட்டத்தை மீறிய செயல் ஆகாது. பிடிபட்டால் நீங்கள் போர்க்கைதி. ஆகவே உள்ளூர் மக்களிடம் உங்களைப் பத்திரிகையாளர் என்று அறிமுகப்படுத்திக்கொள்ளவோ, பத்திரிகையாளர் அணியும் அடையாள மேலாடையை அணியவோ ஒருபோதும் கூடாது. அந்தச் சிறு பொய்யால் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிட வசதி மட்டுமே. ஆனால் அது ஒருமுறை வெளிப்பட்டுவிட்டால், அதே ஊருக்குத் துப்பாக்கியின்றி வரும் உண்மையான செய்தியாளரை யாரும் நம்பமாட்டார்கள். அவருடைய உயிருக்கே அது உலை வைக்கக்கூடும்.

படம் எடுக்கும் தொழில்நுட்பத்தை அமெரிக்க வீரர்கள் மேரிலாந்து மாநிலத்தின் ஃபோர்ட் மீட் தளத்திலுள்ள பாதுகாப்புத் தகவல் பள்ளியில் கற்கிறார்கள். ஆனால் காலாட்படை அணி ஒன்றுடன் இணைந்து நடக்கப்போகும் ஒருவருக்கு அந்தப் படிப்பு பாதிதான். இரத்தப்போக்கை நிறுத்தும் கட்டுப்பட்டையை ஒரு கையால் இறுக்கத் தெரிய வேண்டும். வானொலியில் இருப்பிடத்தைச் சரியாகச் சொல்லத் தெரிய வேண்டும். இருட்டில் துப்பாக்கியின் கோளாற்றை நீக்கத் தெரிய வேண்டும். ஓர் அணித்தலைவர் உங்களை முதன்முதலில் பார்க்கும்போது அவர் மனத்தில் எழும் கேள்வி, இவரால் என் ஆட்களுக்குச் சுமை கூடுமா என்பதுதான். அதற்கான விடையைப் படத்தொகுப்பைக் காட்டி அளிக்க முடியாது. பயிற்சித் திடலில் அவர்களுடன் சேர்ந்து ஓடியே அளிக்க முடியும்.

பெட்டிக்குள் என்ன இருக்க வேண்டும்

கேமரா ஒன்று போதாது. ஒரே வகையான பேட்டரியும் மெமரி கார்டும் ஏற்கும் இரண்டு கேமராக்கள் வேண்டும். ஒன்றில் 24-70 மில்லிமீட்டர் லென்ஸும் மற்றொன்றில் 70-200 மில்லிமீட்டர் லென்ஸும் பொருத்திவிட்டால், புழுதிக்காற்றின் நடுவே லென்ஸைக் கழற்றி மாட்டும் தேவை பெரும்பாலும் எழாது. இராக்கின் மணல் மாவைப் போல நுண்ணியது. ஒருமுறை சென்சாரில் படிந்துவிட்டால் அன்றைய படங்கள் அனைத்திலும் அதன் கறை தெரியும். மாற்றியே ஆக வேண்டுமானால் வாகனத்தின் உள்ளேயோ ஒரு பெரிய பையின் உள்ளேயோ கையை நுழைத்து மாற்றுங்கள். லென்ஸைத் துடைப்பதற்கு முன் காற்றூதியால் மணலை ஊதி அகற்றுங்கள். மணல் இருக்கும்போதே துணியால் துடைப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். குளிரூட்டப்பட்ட கூடாரத்திலிருந்து வெயிலுக்குள் நுழையும்போது லென்ஸில் நீர் படியும் என்பதால், வெளியே வருவதற்கு முன்பே கேமராவைக் காற்றுப்புகாத பையில் இட்டு, வெளிவெப்பத்திற்கு அது மெல்ல மெல்லப் பழகும்வரை காத்திருங்கள். ஆப்கானிஸ்தானின் மலைக்குளிரில் சிக்கல் வேறு: பேட்டரிகள் விரைவில் சோர்ந்துவிடும். மாற்றுப் பேட்டரிகளைச் சட்டையின் உட்பையில், உடற்சூட்டுக்கு அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஒளி. இருட்டில் உங்களைக் காட்டிக்கொடுக்கக்கூடிய எல்லாவற்றையும் கறுப்புத் துணி டேப்பால் மூட வேண்டும்: கேமராவின் முகப்பிலுள்ள குவிய உதவி விளக்கு, கார்டில் எழுதும்போது மினுங்கும் சிறு விளக்கு, பளபளக்கும் நிறுவனப் பெயர். அகச்சிவப்பு உதவி ஒளி வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இரவுநோக்குக் கருவி வைத்திருக்கும் எதிரிக்கு அது கைவிளக்கைப் போலத் தெரியும். எடுத்த படத்தை உடனே திரையில் காட்டும் வசதியை நிறுத்திவிடுங்கள். ஃபிளாஷைக் கழற்றி முகாமிலேயே வைத்துவிடுங்கள். தவறி ஒருமுறை மின்னினால் உங்களுடன் வந்த அனைவரின் இரவுநோக்கையும் அது கெடுத்து, அணியின் இருப்பிடத்தையும் அறிவித்துவிடும். நிலவற்ற இரவுகளில் படம் தேவைப்பட்டால், லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே ஒளிபெருக்கிக் குழாயைப் பொருத்தி எடுப்பது வழக்கம். படம் பச்சை நிறத்தில், குருணையோடு வரும். அதற்காக வருந்த வேண்டாம், முகமும் செயலும் அடையாளம் தெரிந்தால் போதும்.

கேமராவில் இருப்பிடக் குறியீடு தானாகப் பதியும் வசதி இருக்கிறதா என்று கண்டறிந்து, மேலிடம் வேண்டும் என்று சொன்னாலொழிய அதை அணைத்துவிடுங்கள். 2007இல் இராக்கிலுள்ள ஒரு தளத்திற்குப் புதிதாக வந்திறங்கிய ஹெலிகாப்டர்களைச் சில சிப்பாய்கள் படமெடுத்து இணையத்தில் ஏற்ற, படங்களில் பதிந்திருந்த இருப்பிடத் தகவலைக்கொண்டு எதிரிகள் மோர்ட்டார் தாக்குதல் நடத்தி, நான்கு அப்பாச்சி ஹெலிகாப்டர்களை அழித்தார்கள். படம் எடுத்தவர்களுக்குத் தீய எண்ணம் ஏதும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத தகவலும் படத்தின் ஒரு பகுதி என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவே.

கிளம்பும் ஒவ்வொரு நாளும் மறக்கக் கூடாத ஒரு செயல்: இரண்டு கேமராக்களின் கடிகாரங்களையும் அணியின் கடிகாரத்தோடு நொடிவரை ஒப்பிட்டுச் சரிசெய்து, முதல் படமாகக் கடிகார முகப்பையோ ஜிபிஎஸ் கருவியின் திரையையோ எடுத்துவிடுங்கள். கேமராவின் நேரம் பின்னர் பிசகியிருந்தாலும் எவ்வளவு பிசகியது என்பதை அந்த ஒரு படத்தைக்கொண்டு கணக்கிட்டுவிடலாம்.

அணியோடு நடக்கும்போது

ரோந்துக்கு முந்தைய ஒத்திகையைத் தவறவிடாதீர்கள். மணலில் தெருவும் வீடுகளும் வரைந்து, யார் எந்தப் பக்கம் பார்ப்பது, யார் முதலில் கதவுக்குள் நுழைவது என்று அணித்தலைவர் விளக்கும் அந்தக் கால்மணி நேரத்தில், உங்கள் இடம் எது என்பதையும் அவரிடமே கேட்டுப் பெற வேண்டும். வரிசையில் எத்தனையாவது ஆளாக நடப்பது, துப்பாக்கிச்சூடு தொடங்கினால் எந்தப் பக்கம் பதுங்குவது, எந்தக் கோட்டைத் தாண்டி முன்னே போகக் கூடாது என்ற மூன்றும் தெரியாமல் வாசலைக் கடக்கக் கூடாது. நல்ல கோணத்திற்காக ஒருவர் துப்பாக்கி நீட்டியிருக்கும் திசைக்குள் நுழைவது, அவரைச் சுட முடியாதவராக்கிவிடுகிறது. வீரரின் முகத்தை முன்பக்கமிருந்து எடுக்க ஆசை எழும்; எதிரி இருக்கக்கூடிய பக்கத்திற்கு உங்கள் முதுகைக் காட்டினால்தான் அந்தக் கோணம் கிடைக்கும் என்பதை அப்போது நினைவில் கொள்ளுங்கள்.

வ்யூஃபைண்டருக்குள் பார்க்கும் கண் தன் உலகத்தைச் சுருக்கிக்கொள்கிறது. அதனால் இரு கண்களையும் திறந்துவைத்துப் படம் எடுக்கப் பழகுங்கள். சில நொடிகளுக்கு ஒருமுறை கேமராவை இறக்கிவிட்டுச் சுற்றிலும் பாருங்கள். அருகில் நடக்கும் வீரர் ஒருவரிடம், நான் படத்தில் மூழ்கிவிட்டால் தோளைத் தட்டுங்கள் என்று சொல்லிவையுங்கள். துப்பாக்கி வாரும் கேமரா வாரும் பின்னிக்கொள்ளாத வகையில் மாட்டிக்கொள்வதை முகாமிலேயே நூறுமுறை பழக வேண்டும். துப்பாக்கி தேவைப்படும் நொடியில் கேமராவைக் கைவிட்டாலும் அது மார்பின் பக்கவாட்டில் போய்த் தொங்க வேண்டும். காயம்பட்டவருக்கு உதவ உங்களைத் தவிர வேறு ஆள் இல்லையென்றால், கேமரா கீழே இறங்கியே ஆக வேண்டும். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. மருத்துவ உதவியாளர் வந்து பொறுப்பேற்றபின், உங்களால் அவருக்கு இடைஞ்சல் இல்லையென்றால், மறுபடியும் கேமராவை எடுக்கலாம்; காயம்பட்டவரைத் தூக்கிச்சென்ற விதமும் நேரமும் மருத்துவப் பயிற்சிக்கே பிற்பாடு பயன்படும்.

சண்டை இல்லாத நாட்களும் ஆபத்தற்றவை அல்ல. 2013 ஜூலை 2 அன்று ஆப்கானிஸ்தானின் லக்மான் மாகாணத்தில் ஆப்கன் படையினரின் மோர்ட்டார் பயிற்சியைப் படம்பிடித்துக்கொண்டிருந்த அமெரிக்க ஒளிப்படக்காரர் ஹில்டா கிளேட்டன், மோர்ட்டார் குழாய் தவறுதலாக வெடித்ததில் இறந்தார். அவருக்கு வயது 22. அவருடன் நான்கு ஆப்கன் வீரர்களும் இறந்தார்கள். அவர் கேமரா பயிற்சி அளித்துவந்த ஆப்கன் ஒளிப்படக்காரரும் அவர்களுள் ஒருவர். வெடித்த கணத்தில் கிளேட்டன் எடுத்த படம், குடும்பத்தினரின் இசைவுடன் 2017இல் வெளியிடப்பட்டது. அவர் பணியாற்றிய 55ஆம் சிக்னல் கம்பெனி நடத்திய போர்க்கள ஒளிப்படப் போட்டிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. பயிற்சித் திடல்களில் கருவிக்குப் பொறுப்பான அதிகாரியிடம் பாதுகாப்பான தொலைவு எவ்வளவு என்று கேட்டு, அந்தத் தொலைவுக்கு ஏற்ற நீள லென்ஸைப் பொருத்துங்கள். லென்ஸுக்கு ஏற்பத் தொலைவைக் குறைத்துக்கொள்ளாதீர்கள்.

எதை எடுப்பது என்ற கேள்விக்கு, துப்பாக்கிச்சூட்டை என்று விடை சொல்பவர்கள் இந்த வேலையைப் பாதிதான் அறிந்தவர்கள். ஒரு வீட்டைச் சோதனையிடுவதற்கு முன்பும் பின்பும் ஒவ்வோர் அறையையும் ஒரே கோணத்தில் எடுத்துவையுங்கள். கதவு உடைந்தது யாரால், பெட்டி திறந்துகிடந்தது எப்போதிலிருந்து என்று நாளை இழப்பீடு கேட்டு வீட்டுக்காரர் வரும்போது, அவருக்கு நியாயம் கிடைக்கவும் வீரர்கள்மீது பொய்ப்பழி விழாமலிருக்கவும் அந்தப் படங்களே துணை நிற்கும். மண்ணில் புதைத்த ஆயுதங்கள் கண்டெடுக்கப்பட்டால், கைபடுவதற்கு முன் இருந்த இடத்தில் இருந்தபடியே முதலில் தூரத்திலிருந்தும், பிறகு நடுத்தொலைவிலிருந்தும், கடைசியாக அருகிலிருந்தும் எடுக்க வேண்டும். அருகில் எடுக்கும் படத்தில் அளவுகோல் ஒன்று தெரிய வேண்டும், தொழிற்சாலை எண் இருந்தால் அது வாசிக்கும்படி இருக்க வேண்டும். இதில் கலை எதுவும் இல்லை என்று இளைஞர்கள் சலித்துக்கொள்வதுண்டு. ஆனால் படையின் தலைமையகத்தில் மிகுதியாகத் தேடிப் பார்க்கப்படுபவை இத்தகைய படங்களே.

நிகழ்படத்திற்கும் இதே வரிசைதான்: அகன்ற காட்சி, நடுத்தரக் காட்சி, நெருங்கிய காட்சி. ஒவ்வொன்றையும் கேமராவை அசைக்காமல் பத்து நொடியாவது பிடித்துவையுங்கள். இரண்டாம் உலகப் போரில் ஐமோ என்ற திரைப்படக் கேமரா ஏந்தியவர்களிடம் இருந்தது நூறடிச் சுருள். வழக்கமான வேகத்தில் ஓடவிட்டால் ஒரு நிமிடத்திற்குச் சற்று அதிகமாகவே வரும். அதற்குள் எதைப் பிடிப்பது என்று அவர்கள் யோசித்தாக வேண்டியிருந்தது. இன்று கார்டில் மணிக்கணக்கில் இடம் இருக்கிறது என்பதற்காக நிறுத்தாமல் ஓடவிடுபவர், முகாமுக்குத் திரும்பியபின் அந்த மணிக்கணக்கை உட்கார்ந்து பார்க்க வேண்டியவரும் தாமே என்பதை உணர்வதில்லை. ஹெலிகாப்டர் படங்களுக்கு ஒரே ஒரு குறிப்பு: ஷட்டர் வேகம் மிக அதிகமானால் இறக்கைகள் உறைந்துபோய், நின்றுபோன எந்திரம் வானத்தில் தொங்குவதைப் போலத் தெரியும், 1/60 முதல் 1/125 நொடிவரை வைத்துச் சுழற்சியைத் தெரியவிடுங்கள்.

படக்குறிப்பு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் உண்டு என்று யாராவது சொன்னால், நான் இதைத்தான் காட்டுவேன். 1945 பிப்ரவரி 23 அன்று ஜப்பானின் இவோ ஜிமா தீவின் சுரிபாச்சி மலையுச்சியில் அமெரிக்க வீரர்கள் ஆறு பேர் கொடிக்கம்பம் நட்டதை அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் ஜோ ரோசந்தால் எடுத்த படம், உலகிலேயே மிகுதியாக அச்சான போர்ப் படங்களுள் ஒன்று. கம்பத்தைப் பிடித்திருந்தவர்களின் பெயர்களை அந்த இடத்தில் அவர் எழுதிக்கொள்ளவில்லை. விளைவு என்ன? பின்னர் அறிவிக்கப்பட்ட ஆறு பெயர்களுள் மூன்று தவறு. 1947இல் ஒரு பெயரும், 2016இல் ஒரு பெயரும், 2019இல் மற்றொரு பெயரும் திருத்தப்பட்டன. உண்மையாகவே கம்பத்தைப் பிடித்திருந்த ஹரால்டு ஷுல்ட்ஸும் ஹரால்டு கெல்லரும் அந்தத் திருத்தங்களைப் பார்க்க உயிருடன் இல்லை. பிற்காலத் திருத்தங்களுக்குக் கைகொடுத்தவை, அதே உச்சியில் அன்று படைப் படக்காரர்கள் எடுத்த பிற படங்களும், ரோசந்தாலுக்கு அருகில் நின்று மரைன் படைப் படக்காரர் பில் ஜெனாஸ்ட் எடுத்த வண்ண நிகழ்படமும். தலைக்கவசத்தின் பட்டை, இடுப்பில் தொங்கிய பை, விரலில் அணிந்த மோதிரம் என்று நுணுகிப் பார்த்து அடையாளம் கண்டார்கள். ஜெனாஸ்ட் அந்தப் படத்தைத் திரையில் பார்த்ததே இல்லை. 1945 மார்ச் 4 அன்று அதே தீவின் குகை ஒன்றில் கொல்லப்பட்டார், அவருடைய உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

ஆறு பேரிடம் பெயர் கேட்டு எழுத ஐந்து நிமிடம் போதும். அதை எழுதாமல் விட்டதன் விலை எழுபத்து நான்கு ஆண்டுகள். ரோசந்தாலை இதற்காகக் குறைசொல்லும் உரிமை எனக்கு இல்லை. அந்தச் சூழலில் அவர் படம் எடுத்ததே பெரிது. ஆனால் குறிப்பெழுதுவது சீருடை அணிந்தவரின் கடமையிலேயே அடங்கியது. பிரிட்டிஷ் ராணுவத்தின் திரைப்பட, ஒளிப்படப் பிரிவில் ஒவ்வொரு சுருளோடும் ‘டோப் ஷீட்’ எனப்பட்ட விவரத்தாள் ஒன்றை எழுதி அனுப்புவது கட்டாயம்: நாள், இடம், படைப்பிரிவு, காட்சியில் இருப்பவர், அவர் செய்வது. லண்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் அந்தப் படங்களோடு அந்தத் தாள்களும் பாதுகாக்கப்பட்டிருப்பதால்தான், இன்று ஒருவர் குறிப்பிட்ட படைப்பிரிவையோ ஊரையோ சொல்லித் தேட முடிகிறது.

அமெரிக்க முறைப்படி ஒவ்வொரு படத்திற்கும் ஓர் அடையாள எண் உண்டு. அது நான்கு பகுதிகளைக் கொண்டது: ஆண்டு, மாதம், நாள் ஆகியவை ஆறு இலக்கங்களில், எந்தப் படை என்பதற்கு ஓர் எழுத்து, எடுத்தவருக்குரிய ஐந்து குறிகள், அன்றைய வரிசை எண். எடுத்துக்காட்டாக 240115-ஏ-ஏபி123-1001 என்பது 2024 ஜனவரி 15 அன்று தரைப்படையின் ஒளிப்படக்காரர் ஒருவர் எடுத்த படத்தைக் குறிக்கும். எண் மாறினால் படம் அநாதை. குறிப்பின் முதல் வாக்கியம் நிகழ்காலத்தில் அமைய வேண்டும்: யார், பதவி என்ன, எந்தப் பிரிவு, என்ன செய்கிறார், எந்த ஊரில், எந்த நாளில். இரண்டாம் வாக்கியம் அது ஏன் நடந்தது என்ற பின்னணியைச் சொல்ல வேண்டும். “சிப்பாய்கள் கிராமத்தில் ரோந்து செல்கிறார்கள்” என்று எழுதினால் எந்தப் போரின் எந்தப் படத்திற்கும் அது பொருந்தும். அதனால் எந்தப் படத்திற்கும் அது உதவாது. நீங்கள் ஊகித்ததை எழுதாதீர்கள். ஒருவர் அழுகிறார் என்பது கண்ணுக்குத் தெரிவது. மகிழ்ச்சியால் அழுகிறார் என்பதை அவரிடம் கேட்டால்தான் தெரியும்.

பெயர்களை எழுதச் சிறிய, நீர்புகாத நோட்டுப்புத்தகமும் பென்சிலும் போதும். குளிரில் மை உறைந்தாலும் பென்சில் எழுதும். எழுத நேரமில்லாதபோது மார்பிலுள்ள பெயர்ப்பட்டையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்ப் பெயர்களை மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டு, அவர் கையாலேயே அவர்களுடைய எழுத்தில் எழுதி வாங்குங்கள். ஆனால் அந்தப் பெயரை வெளியிடுவது அவருக்கு ஆபத்தாகுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். அந்நியப் படையோடு பேசியவர் என்று ஒருவரை அடையாளம் காட்டுவது, படை கிளம்பிப்போனபின் அவர் உயிருக்கே ஆபத்தாய் முடியலாம். தேவைப்படின் பெயரைக் காப்பகக் குறிப்பில் மட்டும் வைத்து, வெளியீட்டுக் குறிப்பிலிருந்து நீக்கலாம்.

படத்தில் எதையும் சேர்க்காதீர்கள், எதையும் அகற்றாதீர்கள்

ஒளியைச் சற்றுக் கூட்டிக் குறைப்பதும், நிறத்தைச் சரிப்படுத்துவதும், ஓரத்தை வெட்டுவதும் ஏற்கப்பட்டவை. பாதுகாப்பிற்காக முகத்தையோ அடையாள அட்டையையோ மறைக்கலாம். ஆனால் மறைத்தது பார்த்தவுடன் தெரியும்படி மறைக்க வேண்டும். இதற்கு மேல் ஒரு புள்ளியையும் மாற்றக் கூடாது. 1945 மே மாதம் பெர்லினில் ரைக்ஸ்டாக் நாடாளுமன்றக் கட்டடத்தின்மீது சோவியத் கொடி ஏற்றப்பட்டதைச் சோவியத் ஒளிப்படக்காரர் யெவ்கெனி கால்தேய் எடுத்த படத்தில், வீரர் ஒருவரின் இரு கைகளிலும் இருந்த கடிகாரங்களுள் ஒன்று அழிக்கப்பட்டது. பின்னணியில் புகை கூட்டப்பட்டது. இன்று அந்தப் படத்தைப் பற்றிப் பேசுபவர்கள் வெற்றியைவிட அந்தக் கடிகாரத்தைப் பற்றியே அதிகம் பேசுகிறார்கள். 2008 நவம்பரில் அமெரிக்கத் தரைப்படை வெளியிட்ட ஜெனரல் ஆன் டன்வுடியின் உருவப்படத்தில் பின்னணி மாற்றப்பட்டிருந்தது தெரியவந்ததும், அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தரும் படங்களைப் பயன்படுத்துவதையே நிறுத்திவைத்தது. போர்க்களத்துக்குத் தொடர்பே இல்லாத ஒரு படத்தில் செய்த சிறு ஒப்பனை, களத்தில் உயிரைப் பணயம் வைத்து எடுக்கப்பட்ட படங்களையும் ஐயத்திற்கு உள்ளாக்கியது.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. 1945 நவம்பர் 29 அன்று நியூரம்பர்க் நீதிமன்றத்தில் நாஜி வதைமுகாம்களின் நிகழ்படம் சான்றாகத் திரையிடப்பட்டபோது, படைப் படக்காரர்கள் எடுத்த அந்தக் காட்சிகள் எவ்வகையிலும் மாற்றப்படவில்லை என்ற உறுதிமொழிகள் முதலில் காட்டப்பட்டன. படம் பிடித்த குழுவுக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் ஸ்டீவன்ஸின் உறுதிமொழியும் அவற்றுள் ஒன்று. நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் அத்தகைய உறுதிமொழியில் கையொப்பமிட முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் அந்தக் கோப்பைத் திருத்தும் கையை எடுத்துவிடுங்கள். நடந்துமுடிந்த ஒன்றை மறுபடி நடித்துக்காட்டச் சொல்வதும் இதே வகைக் குற்றமே.

கைதிகள், இறந்தோர், மற்றும் நீங்கள் காண விரும்பாதவை

மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு, போர்க்கைதிகளை அவமதிப்பிலிருந்தும் பொதுமக்களின் வேடிக்கைப் பார்வையிலிருந்தும் காக்க வேண்டும் என்கிறது. ஆகவே கைதியின் முகம் அடையாளம் தெரியும் படத்தை வெளியிடுவதற்கில்லை. ஆவணத்திற்காக எடுக்கலாம்: அவருக்குத் தண்ணீர் கொடுக்கப்பட்டதை, காயத்திற்கு மருந்திட்டதை, ஒப்படைக்கப்பட்ட நேரத்தை. வீரர்கள் கைதியோடு நின்று நினைவுப்படம் எடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். உங்கள் பதவி சிறியதாக இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

உங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், குடும்பத்திற்குச் செய்தி சேரும்வரை அந்தப் படம் முகாமைவிட்டு வெளியே போகக் கூடாது. குடும்பத்தினருக்குத் தெரிவித்து 24 மணி நேரம் கழித்தே பெயரை வெளியிடுவது அமெரிக்கப் படைகளின் விதி. ஒரு தாய் தன் மகனின் மரணத்தைப் படத்தில் தெரியும் காலணியைக்கொண்டு அறிந்துகொள்ளும் நிலை வரக் கூடாது.

மிகக் கடினமானது இனி வருவது. 1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மை லாய் கிராமத்திற்குள் நுழைந்த அணியோடு சென்ற படை ஒளிப்படக்காரர் ரொனால்டு ஹேபர்லி, படையின் கேமராவில் கறுப்பு வெள்ளையிலும் தன் சொந்தக் கேமராவில் வண்ணத்திலும் படம் எடுத்தார். அன்று கொல்லப்பட்ட கிராம மக்கள் அமெரிக்க விசாரணையின்படி 347 பேர், வியட்நாம் கணக்கின்படி 504 பேர். படையிடம் ஒப்படைக்கப்பட்ட படங்களில் படுகொலை தெரியவில்லை. சொந்தக் கேமராவின் வண்ணப் படங்கள் 1969 நவம்பரில் கிளீவ்லாந்து நகர நாளிதழ் ஒன்றில் வந்தபோதுதான், கிடந்த உடல்களை உலகம் கண்டது. வெடிகள் ஓய்ந்து இருபது மாதங்கள் கடந்திருந்தன. கொலை நடக்கும்போதே எடுத்த சில படங்களைத் தாமே அழித்துவிட்டதாகப் பல ஆண்டுகள் கழித்து அவர் ஒப்புக்கொண்டார்.

அவர் இடத்தில் இருந்தால் யார் என்ன செய்திருப்பார்கள் என்று தொலைவில் அமர்ந்து தீர்ப்புச் சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் உங்களுக்கு அப்படி ஒரு நாள் வந்தால் செய்ய வேண்டியதை இன்றே முடிவுசெய்துவைத்துக்கொள்ளுங்கள். தடுக்க முடியும் நிலையில் இருந்தால் தடுங்கள். குரல் கொடுப்பதும் தடுப்பதுதான். எந்தக் கோப்பையும் அழிக்காதீர்கள், அழிக்கச் சொல்லும் ஆணை சட்டத்திற்கு மாறானது. கார்டை மாற்றி, பழைய கார்டில் எதுவும் மேலெழுத முடியாதபடி பூட்டி உங்கள் உடலோடு வைத்துக்கொள்ளுங்கள். அணித்தலைவரே குற்றவாளியாக இருக்கக்கூடும் என்பதால் அவரைத் தாண்டிச் செல்லும் வழிகளை, அதாவது படைக் குற்றப்புலனாய்வினர், சட்ட அதிகாரி, ஆய்வுத்துறைத் தலைவர், மதகுரு ஆகியோரை எப்படி அணுகுவது என்பதைப் பணிக்குச் செல்வதற்கு முன்பே அறிந்துவையுங்கள். ஒப்படைக்கும்போது யாரிடம், எந்த நேரத்தில், எத்தனை கோப்புகள் என்று எழுதிக் கையொப்பம் பெறுங்கள்.

அனுப்புவதும் காப்பதும்

முகாமுக்குத் திரும்பியதும் உடை மாற்றுவதற்கு முன் கார்டுகளை இரண்டு வெவ்வேறு ஹார்டு டிஸ்க்குகளில் படியெடுங்கள். இரண்டும் சரியாக வந்திருக்கின்றனவா என்று திறந்துபார்த்தபின்னரே கார்டை மறுபடி பயன்படுத்துங்கள். அடுத்தது தெரிவு. செயற்கைக்கோள் வழியே அனுப்பும் கையடக்க பீகேன் கருவியின் உச்ச வேகம் நொடிக்கு 492 கிலோபிட். ஐந்து மெகாபைட் படம் ஒன்று எல்லாம் கூடிவந்தாலும் ஒன்றேகால் நிமிடத்திற்கு மேல் எடுக்கும், களத்தில் அதைவிட அதிகமாகவே ஆகும். அதனால் அன்றிரவு போக வேண்டியவை பத்துப் படங்களுக்குள் அடங்கட்டும், மற்றவை பிறகு போகட்டும். வெளியே அனுப்புவதற்கு முன் பாதுகாப்புப் பரிசீலனை கட்டாயம். சுவரில் தொங்கும் வரைபடம், கணினித்திரை, வானொலியின் அலைவரிசை எண், சிறப்புப்படை வீரரின் முகம் என்று பின்னணியின் ஒவ்வொரு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். எது வெளியிடத்தக்கது என்று தீர்மானிப்பவர் நீங்கள் அல்லர், அதற்கென்று அமர்த்தப்பட்ட அதிகாரி. எல்லைக்கோட்டில் நிற்கும் படத்தை நீங்களே ஒதுக்கிவிடாமல் அவரிடம் காட்டுங்கள். வெளியிடத் தகாதது என்றாலும் காப்பகத்திற்கு அது தேவைப்படலாம்.

தெரிவு செய்யும் வேலையில் யாரும் எச்சரிக்காத ஒரு துன்பம் உண்டு. களத்தில் ஒரு நொடி கண்ட மரணத்தை, மேசையில் அமர்ந்து நாற்பது சட்டகங்களாக நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கும். அத்தகைய படங்களைச் சிறு அளவிலேயே வைத்துப் பிரித்தெடுங்கள், நிகழ்படமானால் ஒலியை அணைத்துவிடுங்கள், படுக்கப்போகும் நேரத்தில் அந்த வேலையைத் தொடாதீர்கள், உடன் பணியாற்றும் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குத் திரும்பிய பிறகும் உறக்கம் வராவிட்டால் மருத்துவரிடம் சொல்வது, குண்டு பட்ட காயத்தைக் காட்டுவதைப் போன்றதே.

பணிக்காலம் முடிவதற்கு ஒரு வாரம் முன்பே ஒப்படைப்பைத் தொடங்குங்கள். குறிப்பில்லாத படங்கள் எத்தனை மீந்திருக்கின்றன என்று எண்ணி, படத்தில் இருப்பவர்கள் அதே முகாமில் இருக்கும்போதே போய்க் கேட்டு நிரப்புங்கள். விமானம் ஏறிவிட்டால் அவர்கள் பல ஊர்களுக்குச் சிதறிவிடுவார்கள். நோட்டுப்புத்தகத்தின் பக்கங்களையும் படமெடுத்துக் கோப்புகளோடு சேருங்கள். உங்களுக்கு அடுத்து வருபவரை உடன் அழைத்துக்கொண்டு ஒரு ரோந்து போய்வாருங்கள். எந்த அணித்தலைவர் கேமராவை விரும்பமாட்டார், எந்த ஊரில் பெண்களைப் படம் எடுக்கக் கூடாது, எந்த மொழிபெயர்ப்பாளரின் முகம் எந்தப் படத்திலும் வரக் கூடாது என்பவற்றை அந்த வழியிலேயே சொல்லிக்கொடுங்கள். பிறகு ஹார்டு டிஸ்க்குகளைப் பெயரும் நாளும் எழுதி அவர் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.